கணினியில் சிலை வடிப்பார்க்குத் தமிழ் வேண்டாவா?

கருவி புதிது, கலை பழைது. கருவியைக் கண்டு அஞ்சுவான் கலைஞன் ஆகான்; கருவிக்கு அடிமைப்படுவானும் கலைஞன் ஆகான். இவ்விரண்டையும் உணராமையால் தமிழகக் கலைக்கல்வி இரு படுகுழிகளின் நடுவே நின்று தள்ளாடுகின்றது. ஒரு சாரார், “கணினியில் உரு அமைப்பதும் பொறியால் அதனை ஆக்குவதும் கலையாகா, உளி பிடித்த கையே கலைக்கை” என்பர். மற்றொரு சாரார், “இஃது ஆங்கிலத்தில் பிறந்த கலை; ஆங்கிலத்திலேயே கற்றல் வேண்டும்; தமிழுக்கு இங்கு என்ன வேலை?” என்பர். முன்னவர் கூற்று அறியாமை. பின்னவர் கூற்று அடிமைத்தனம். அறியாமையை அறிவால் போக்கலாம். அடிமைத்தனமோ தன்னையே அறிவென்று நம்பியிருப்பது. ஆகலான் அதுவே முதற்கண் களையப்படுதல் வேண்டும்.

ஆங்கிலத்தில் பிறந்ததென்பார் வாயை வரலாறே அடைக்கும். திரையில் வளைகோடுகளை அளவுபட வரையும் கணக்குமுறையை 1959ஆம் ஆண்டில் வகுத்தவர் சித்ரோயன் மகிழுந்துத் தொழிலகத்தில் பணியாற்றிய பால் தெ காசுத்தெல்சோ. அம்முறையைத் தாமும் கண்டு உலகறியச் செய்தவர் இரெனோ தொழிலகத்துப் பியர் பெசியே. இருவரும் பிரெஞ்சுக்காரர். ஒளி பட்டால் இறுகும் பிசினை அடுக்கடுக்காக உறையச்செய்து திண்பொருள் ஆக்கும் முறையை ஆய்ந்து 1981இல் வெளியிட்டவர் சப்பானின் நகோயா நகரத்து இதேயோ கொதாமா. அதன் பின்னரே அமெரிக்கராகிய சக் அல் காப்புரிமை வேண்டி 1984இல் எழுதி, 1986இல் பெற்றார். பிரெஞ்சுக்காரரும் சப்பானியரும் தாய்மொழியைக் கழற்றி வைத்துவிட்டா இத்துறைக்குள் நுழைந்தனர்?

இனி, “தமிழில் சொல் இல்லை” என்பர். சொல் இல்லையா, சொல்வார்க்கு மனம் இல்லையா? திரையில் அமையும் எவ்வுருவும் முனை, விளிம்பு, முகம் என்னும் மூன்றால் ஆயது. அதனைப் பிதுக்கலாம், குடையலாம், கடையலாம், செதுக்கலாம். இவற்றுள் எச்சொல் தமிழ்ச் சிற்றூரில் வழங்காதது? முப்பருமான அச்சுப்பொறியின் செயலைப் பாருங்கள். 1.75 மி.மீ. தடிப்புள்ள நெகிழி இழை, ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில் உருகி, 0.4 மி.மீ. துளைவழிப் பிதுங்கி, அடுக்கின்மேல் அடுக்காகப் படிகின்றது. முறுக்குப் பிழியும் உழக்கைக் கண்ட தமிழ்ச்சிறுமிக்கு இது விளங்காதா? மரமறுக்கும் தச்சன், வாள் தின்னும் அகலத்தையும் கணக்கிற் கொண்டே கோடிடுவான். ஒளிக்கதிரால் பலகை அறுக்கும் பொறியிலும் அதே கணக்குத்தான். தச்சன் மகனுக்குத் தச்சனின் மொழியில் சொன்னால் ஒரு நொடியில் விளங்குவது, அயன்மொழியில் சொன்னால் ஓராண்டு ஆகியும் மனப்பாடமாகவே நின்றுவிடுகின்றது.

இதனினும் பெரிய சான்று ஒன்று உண்டு. திருவேரகம் எனப்படும் சாமிமலையில் ஐம்பொன் படிமம் வார்ப்பார் கையில் ஒடியோலை என்றொரு கருவி உண்டு. படிமத்தின் உயரத்துக்கு ஒரு தென்னையோலை நறுக்கை எடுத்து, அதனை முறைப்படி மடித்து மடித்து முகம், கழுத்து, மார்பு, தொடை என ஒவ்வோர் உறுப்பின் அளவையும் அம்மடிப்புகளிலேயே பெறுவர். உயரம் மாறின் ஓலை மாறும். ஓலை மாறின் எல்லா அளவும் தாமே மாறும். அவற்றிடையே உள்ள உறவு மட்டும் மாறாது. இன்று கணினி மென்பொருள்கள், “ஓர் அளவை மாற்றுக, ஏனைய அளவுகள் தாமே திருந்தும்” என்று பெருமை பேசுகின்றனவே, அப்பெருமை இவ்வோலை நறுக்கில் இல்லையா? தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உரு வனைந்து, காவிரி வண்டலை மேலே பூசி, சூட்டால் மெழுகை வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உருகிய பொன்னை வார்க்கும் அதே முறையைத்தான் இன்றைய நகைத் தொழிலாரும் பின்பற்றுகின்றனர். மெழுகுருவைக் கையால் வனையாமல் பொறியால் அச்சிடுகின்றனர், வேறுபாடு அவ்வளவே.

கோலமும் இதற்குச் சான்று. தமிழ்ப்பெண்டிர் வாயிலில் இடும் புள்ளிக்கோலத்தை வெறும் அழகென்று எண்ணியிருந்தோர் பலர். அதன் ஒழுங்கைக் கணினி இலக்கணமாக வகுத்து, கிப்ட்டு சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1974இல் ஆய்வுரை வெளியிட்டனர். அந்த ஆராய்ச்சி எழுந்த இடம் சென்னை. வாயிலில் அரிசிமாவால் எழுதிய தாயின் அறிவு, கணினி அறிவியலாரின் ஏட்டில் ஏறிற்று. மகன் பயிலும் வகுப்பறையில் மட்டும் அதற்கு இடமில்லையாம்!

அவ்வகுப்பறையில் நடப்பது என்ன? வார்ப்புக் குடும்பத்தில் பிறந்த இளைஞன் ஒருவன் கலைக்கல்லூரியில் சேர்கின்றான் என்று கொள்வோம். மெழுகின் தடிப்பு எவ்வளவு குறைந்தால் கை முறியும் என்பது அவன் விரலுக்குத் தெரியும். நீட்டிய கைக்குக் கீழே தாங்கு இல்லையேல் அது தொய்யும் என்பதும் தெரியும். கணினி உருவமைப்பில் அவன் கற்க வேண்டுவன பெரும்பாலும் இவையே: சுவர்த்தடிப்பு, தாங்கு, பரப்பில் ஓட்டையின்மை. ஆயினும் திரையில் நூறு ஆங்கிலக் கட்டளைகள் நிற்கின்றன; ஆசிரியரும் அவற்றையே ஒப்பிக்கின்றார். தெரிந்த பொருளைத் தெரியாத மொழியில் கேட்டு, தான் ஒன்றும் அறியாதவன் என்று அவ்விளைஞன் தலை குனிகின்றான். நகரத்து ஆங்கிலப் பள்ளியிலிருந்து வந்தவனோ, மெழுகைத் தொட்டறியாதவன், கட்டளைப் பெயர்களை உருப்போட்டு முதல் மதிப்பெண் பெறுகின்றான். அறிந்தவனை அறியாதவன் ஆக்குவதும், அறியாதவனை அறிந்தவனாகக் காட்டுவதும் கல்வியா?

இதன் விளைவு இன்னும் கொடிது. சிந்தனை எழாத மொழியில் பயின்றவன் படைக்கமாட்டான், படியெடுப்பான். பிறர் அமைத்து வைத்த உருக்களை வலைவழி இறக்கிப் பொறியில் இட்டு அச்சிட்டு, “யான் செய்தேன்” என்கின்றான். மெய்யான கற்றல் எத்தகையது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1998இல் அமெரிக்காவின் மாசாச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் நீல் கெர்சன்பெல்டு என்னும் பேராசிரியர், ஏறத்தாழ எப்பொருளையும் ஆக்கக் கற்பிக்கும் வகுப்பொன்றைத் தொடங்கினார். சிலர் வருவர் என்று எதிர்பார்த்த வகுப்பிற்கு ஏறத்தாழ நூற்றுவர் வந்தனர். அவருள் கலை பயின்றாரும் இருந்தனர். சிலை வடிப்பவராகிய கெல்லி தாப்சன், பலர் கூடிய இடத்தில் வாய்விட்டு அலற இயலாத மாந்தன், தன் அலறலை அடக்கி வைத்துப் பின்னர் வெளிவிடுதற்கென ஒரு பையைச் செய்தார். உள்ளிருக்கும் மின்சுற்றையும் தாமே அமைத்தார். எவரும் விற்காத, அவர் நெஞ்சம் வேண்டிய பொருள் அது. நெஞ்சின் வேட்கை தாய்மொழியில் எழும். அம்மொழியை வாயிலிலேயே நிறுத்திவிட்டுக் கருவியை மட்டும் உள்ளே விடுவார், பொறிக்கு ஏவலாளரை ஆக்குவாரேயன்றிக் கலைஞரை ஆக்கார்.

மொழியடிமையோடு பொருளடிமையும் வருகின்றது. பெருநிறுவனங்கள் சில, மாணவர்க்குத் தம் மென்பொருளை விலையின்றி வழங்குகின்றன. கல்வி முடிந்த பின்னரோ ஆண்டுதோறும் கட்டணம் கேட்கின்றன. பழகிய கை வேறொன்றை நாடாது என்பது வணிகன் அறிந்த கணக்கு. இதற்கு மாற்றும் உண்டு. நெதர்லாந்தில் பிறந்த பிளெண்டர் என்னும் மென்பொருளை, மக்கள் ஏழு கிழமைகளில் ஒரு நூறாயிரம் யூரோ திரட்டி 2002இல் பொதுவுடைமை ஆக்கினர். சப்பானியரும் சீனரும் எசுப்பானியரும் அதன் கட்டளைகளைத் தத்தம் மொழியில் காண்கின்றனர். மொழிபெயர்க்கும் உரிமை எவர்க்கும் உண்டு, தடுப்பார் இல்லை. இங்கிலாந்தின் பாத்துப் பல்கலைக்கழகத்து அட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய முயற்சியால், தன் உறுப்புகளுட் பலவற்றைத் தானே அச்சிடும் பொறியின் வரைவும் பொதுவாயிற்று. கதவு திறந்தே கிடக்கின்றது; நுழைவார்தாம் வேண்டும்.

தமிழ்ப்பற்றாளர்பாலும் குறையுண்டு, அதை மறைத்தல் நேர்மையன்று. பொறியைத் தொட்டறியாத புலவர் வீட்டிலிருந்தே ஆக்கிய சொற்கள் பட்டியலில் துயில்கின்றன. சொல் ஏட்டில் பிறந்து பட்டறைக்குச் செல்வதன்று. பட்டறையில் பிறந்து ஏட்டிற்கு வருவது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். நோயாளியையும் மாணவரையும் அருகில் வைத்துக்கொண்டு ஆக்கியமையால் அச்சொற்களுக்கு உயிர் இருந்தது. மாந்தவுடலை அறுத்து ஆய்வதைத் தமிழில் கற்பிக்க ஓர் அயலாரால் இயன்றதெனின், மெழுகுருவைத் திரையில் வனைவதைத் தமிழில் கற்பிக்கத் தமிழரால் இயலாதா?

செய்ய வேண்டுவன பல அல்ல. 1850இல் தோன்றிய சென்னை ஓவியக் கல்லூரியும், 1957இல் தோன்றிய மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியும் தமிழகத்தில் உள்ளன. வார்ப்புக் கம்மியரும் தச்சரும் கணினி வல்லாரும் தமிழாசிரியரும் அங்கு ஒரே பட்டறையில் அமர்தல் வேண்டும். ஒடியோலை முதற்பாடமாதல் வேண்டும். திரை இரண்டாம் பாடமாதல் வேண்டும். மாணவன் தன் படைப்பைத் தமிழில் விளக்கித் தமிழில் தேர்வெழுதல் வேண்டும். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்கட்டும். அதைத் தன் அறிவிற்குப் பூட்டாக ஏற்க வேண்டா.

உளி வந்த காலத்தில் உளிக்குப் பெயரிட்டவன் தமிழன். உலை வந்த காலத்தில் உலைக்குப் பெயரிட்டவன் தமிழன். கணினி வந்த காலத்தில் மட்டும் வாய் மூடி நிற்பானாயின், குறை கருவியில் இல்லை, மொழியிலும் இல்லை. தன் கையின் அறிவைத் தானே இகழும் நெஞ்சில் உள்ளது. அந்நெஞ்சு நிமிரட்டும், கை தானே வடிக்கும்!