இலைச்சுருட்டுப் புழுவும் வரப்பு வண்டும்

நடவு முடிந்து மூன்று வாரம் ஆனால் போதும். சங்கப் பண்டகசாலையில் பூச்சிமருந்துக்குக் கூட்டம் கூடிவிடுகிறது. நெல் இலையில் வெள்ளைக் கோடு கண்டவுடன் மனம் பதறுவது இயல்பே. மருந்து விற்பனை பெருகியதென்று ஆண்டறிக்கையில் காட்டுவதும் நிர்வாகத்துக்கு எளிது. ஆயினும், அந்த மருந்து யாரைக் கொல்கிறது என்பதை அங்கத்தினர்களாகிய நாம் விசாரித்தே ஆகவேண்டும்.

வயலில் செவ்வெறும்பு போன்ற ஒரு சிறு பூச்சி இலைமீது விரைந்தோடுவதை விவசாயிகள் பலர் கண்டிருப்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளம், ஒடுங்கிய கழுத்து, கெட்டியான உடல், செம்பழுப்பு நிறம், முதுகில் கருநீலப் பட்டை. அது எறும்பன்று. உலகில் சுமார் 40,000 வகைகளைக் கொண்ட தரைவண்டுக் குடும்பத்தில் ஒன்று. விஞ்ஞானிகள் இதற்கு ஒபியோனியா நைக்ரோபேசியாட்டா என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பாதகமில்லை. ஆளை அடையாளம் தெரிந்தால் போதும்.

இந்த வண்டின் அருமை தெரிய, அதன் இரையாகிய இலைச்சுருட்டுப் புழுவின் வேலையை முதலில் பார்க்கவேண்டும். நெசவாள அங்கத்தினர்கள் இதைக் கேட்டால் வியப்பார்கள். அப்புழு தன் வாயிலிருந்து பட்டிழை இழுத்து, இலையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிணைத்து, நீளவாட்டில் ஒரு குழாயாக்கிக்கொள்கிறது. அதற்குள் பத்திரமாக அமர்ந்து பச்சையைச் சுரண்டித் தின்கிறது. வெள்ளைக் கோடு அதனால் விழுவதே. ஓர் இலை சலித்தால் அடுத்த இலைக்குப் போய் அங்கும் நூலிழுக்கத் தொடங்குகிறது. வேலைப்பாடு என்னவோ மெச்சத்தக்கதுதான், நஷ்டம் நம்முடையது!

குழாய்க்குள் இருக்கும் புழுவின்மேல், வெளியே தெளிக்கும் மருந்து நன்றாகப் படுவதில்லை. வண்டுக்கோ அம்மடிப்பு ஒரு தடையே அன்று. அது நேரே உள்ளே புகுந்து புழுவைப் பிடித்துத் தின்கிறது. கரிய, பளபளப்பான அதன் இளம்புழுவும் அவ்வாறே இலைமடிப்புகளில் வேட்டையாடுகிறது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் நெல் விவசாயிக்கு உதவும் உயிர்களைப் பற்றி 1987-ல் வெளியிட்ட கைந்நூல், இது நாளொன்றுக்கு 3 முதல் 5 புழுக்களைத் தின்னும் என்று கூறுகிறது. வளர்ந்த வண்டு தத்துப்பூச்சிகளையும் தேடிச் செல்லும். கூலி கேட்பதில்லை, கடன் மனுவும் போடுவதில்லை.

நாம் மருந்து தெளிக்கும்போது நடப்பது என்ன? இலைமேல் வெளிப்படையாக ஓடித் திரிகிற வண்டும் சிலந்தியும் முதலில் மடிகின்றன. மடிப்புக்குள் இருக்கும் புழுக்களிற் பல தப்புகின்றன. புகையானின் கதை இன்னும் மோசம். அதன் முட்டைகள் இலையுறையின் திசுவுக்குள் இருப்பதால் மருந்துக்குத் தப்பி, எதிரிகள் இல்லாத வயலில் பொரித்துப் பெருகுகின்றன. இந்தோனேசியா இதைப் பெருஞ்செலவில் கற்றது. 1984-ல் அரிசியில் தன்னிறைவு கண்ட அந்நாட்டில், மருந்துக்கு அரசாங்கமே தாராளமாக மானியம் கொடுத்தும், 1986-ல் ஜாவாவில் புகையான் பெருகி வயல்களை அழித்தது. அவ்வாண்டு நவம்பரில் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தலாகாதென்று ஜனாதிபதி ஆணையிட்டார். பின்னர் 1989-ல் மானியமும் நிறுத்தப்பட்டது.

இனி, வரப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நன்செய்யில் இவ்வண்டு கூட்டுப்புழுவாக உறங்குவது வரப்பு மண்ணில். நாமோ ஒரே நாளில் நாற்புறமும் வரப்பை வழித்துச் செதுக்கி, காய்ந்த புல்லுக்குத் தீயும் வைக்கிறோம். இப்போது களைக்கொல்லி வேறு சேர்ந்துகொண்டது. புல்லை விட்டால் எலி சேருமே என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். செதுக்கவே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இந்த வாரம் ஒரு பக்கம், சில வாரம் கழித்து மறுபக்கம் என்று மாற்றிச் செய்தால் எலிக்கும் நிலையான இடமிராது, வண்டும் வீடற்றுப் போகாது என்பது நமது அபிப்பிராயம்.

மருந்தே கூடாதென்றும் நாம் வாதிக்கவில்லை. தூர் கட்டும் பருவத்தில் பயிர் புது இலை விட்டுச் சேதத்தை ஈடுசெய்து கொள்ளும். கதிருக்கு உணவூட்டும் கண்ணாடியிலை கெட்டால்தான் விளைச்சல் குறையும். ஆகவேதான் வளர்ச்சிப் பருவத்தில் நூற்றுக்கு 10 இலையும், பூக்கும் பருவத்தில் நூற்றுக்கு 5 கண்ணாடியிலையும் சேதமாகும் வரை மருந்து வேண்டாமென்று நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லிவருகிறது. வியட்நாமின் மேகோங் பகுதியில் 1994-ல் தொடங்கிய பிரசாரம், முதல் 40 நாட்களுக்குத் தெளிக்கவே வேண்டாமென்று விவசாயிகளைக் கேட்டுக்கொண்டது. தழைச்சத்து உரத்தை அளவுமீறிக் கொட்டினால் இப்புழு பெருகும் என்பதையும் மறக்கலாகாது. உரத்தையும் விற்று, அதனால் வந்த புழுவுக்கு மருந்தையும் விற்பது ஒரு சங்கத்துக்கு அழகன்று.

ஒருவர் தம் வயலில் மட்டும் வண்டைக் காப்பது கடினம். அதற்குச் சர்வே எண் தெரியாது. காலையில் ஒருவர் நிலத்தில் புழு தின்னும். பிற்பகல் அடுத்தவர் நிலத்தில் மருந்துபட்டுச் சாகும். பக்கத்து வயலுக்குத் தெளித்துவிட்டார்களே என்ற அச்சத்தாலேயே தாமும் தெளிப்போர் ஊரில் பாதிப்பேர். தனியொருவரால் ஆகாததைக் கூடிச் செய்வதற்கென்றே சங்கம் ஏற்பட்டது. ஆகையால், அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டுகிறோம். நடவான முதல் 40 நாட்களுக்கு, ஒரே மடையில் பாயும் நிலக்காரர்கள் அனைவரும் இலைச்சுருட்டுப் புழுவுக்கென்று மருந்து தெளிப்பதில்லை என ஒப்புக்கொள்ளவேண்டும். அதன்பின் மருந்து கேட்டு வருவோர், தம் வயலில் நூறு இலைகளை எண்ணிச் சேதம் எத்தனை என்று எழுதிக் காட்டிய பிறகே பண்டகசாலை மருந்து வழங்கவேண்டும். எண்ணிப் பழகாதவர்களுக்குக் கற்றுத்தர ஒவ்வொரு மடைக்கும் இரண்டு இளைஞர்களை நியமிக்கலாம். வேண்டிய நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் சங்கச் செலவிலேயே கொடுத்துவிடலாம். ஒரு புட்டி மருந்தின் விலைகூட ஆகாது.