முடிந்த பாட்டில் கை வைக்கலாமா?

ஒருவன் ஆக்கி முடித்துத் தன் பெயரையும் இட்டு உலகத்தின் கையில் கொடுத்துவிட்ட கிருதியை, அவன் மாண்ட பிறகு இன்னொருவன் பிரித்து, மாற்றிக் கோத்து, புதியதென்று வெளியிடலாமா? வெளியிடலாம் எனில் அந்த அதிகாரம் யாருடையது? அது எந்த எல்லை வரையில் செல்லும்? இவை சங்கீத ரஸிகர்கள் பொழுதுபோக்காகப் பேசும் விஷயங்கள் என்று எண்ணுவோர் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. உழைத்தவனுக்கும் உடைமையாளனுக்கும் உள்ள பழைய வழக்கே வேறு வேஷம் பூண்டு இங்கே வந்து நிற்கிறது. ஆகையால் இது பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவின்றிக் கூற விரும்புகிறோம்.

இதற்கு நல்ல திருஷ்டாந்தம், பீட்டில்ஸ் என்னும் ஆங்கில ராக் கோஷ்டியின் 'லவ்' என்ற ஆல்பம். லிவர்ப்பூல் நகரத்து இளைஞர்களான ஜான் லென்னன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிஸன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வர் 1962 முதல் 1970 வரையில், பெரும்பாலும் லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவு நிலையத்தில் பாடிப் பதிந்தவற்றை உலகம் அறியும். 1980-ல் லென்னன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2001-ல் ஹாரிஸன் நோயினால் காலமானார். ஹாரிஸனுக்கும், கனடா தேசத்து ஸர்க் டு ஸொலேய் என்ற ஸர்க்கஸ் ஸ்தாபனத்தை நிறுவிய கீ லாலிபெர்ட்டேக்கும் இருந்த நட்பிலிருந்து ஒரு யோசனை பிறந்தது. பீட்டில்ஸ் பாட்டுக்களைக் கொண்டு ஒரு பெரிய காட்சி நடத்த வேண்டும் என்பதே அது. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து மிராஜ் ஹோட்டல் அரங்கில் 2006 ஜூன் மாதம் தொடங்கிய அக்காட்சி 2024 ஜூலையில் முடிவுற்றது. அதற்கு வேண்டிய சங்கீதத்தைப் பழைய நாடாக்களிலிருந்து சமைக்கும் பொறுப்பு, பீட்டில்ஸின் தயாரிப்பாளராக இருந்த ஸர் ஜார்ஜ் மார்ட்டினிடமும் அவர் குமாரர் ஜைல்ஸ் மார்ட்டினிடமும் ஒப்படைக்கப்பட்டது. முதியவருக்கு எண்பது வயது ஆகிவிட்டது, செவிப்புலனும் குறைந்திருந்தது. மகனே அவருக்குச் செவியாக இருந்தார். 2006 நவம்பரில் 26 தலைப்புகளுடன் ஆல்பம் வெளியாயிற்று.

அவர்கள் செய்தது யாது? ஒரு பாட்டின் பேரிகையை எடுத்து மற்றொரு பாட்டின் குரலுக்கு அடியில் வைத்தார்கள். 1964-ல் வெளியான 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாட்டின் முதல் கித்தார் முழக்கமும், 1969-ல் பதிவான 'தி எண்ட்' பாட்டின் பேரிகை முழக்கமும் இப்போது 'கெட் பாக்' பாட்டுக்கு முகப்பாக நிற்கின்றன. 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டு, லென்னன் தனியே கித்தாருடன் பாடிப் பார்த்த ஆரம்ப வடிவத்தில் தொடங்கிப் படிப்படியாக வளர்ந்து, இறுதியில் 'பென்னி லேன்', 'ஹலோ குட்பை' முதலியவற்றின் துண்டுகளோடு கலந்துவிடுகிறது. புதிதாக வாசித்துச் சேர்த்தது ஒன்றே ஒன்று. 'ஒயில் மை கித்தார் ஜென்ட்லி வீப்ஸ்' பாட்டை 1968-ல் ஹாரிஸன் தனியே பாடிய பதிவுக்கு மார்ட்டின் எழுதிய தந்தி வாத்தியப் பகுதியே அது. ஏனைய யாவும் பழைய நாடாக்களில் கிடந்தவை.

இது எவ்வாறு இயன்றது என்பதையும் வாசகர்கள் அறிதல் நன்று. 1963-ன் பிற்பகுதி வரையில் அவர்கள் இரண்டு தடமுள்ள நாடாவில் பதிந்தார்கள், பிறகு நான்கு தடம், 1968-ல் எட்டு. நான்கு தடங்களும் நிரம்பியபின் இன்னும் வாத்தியம் சேர்க்க வேண்டுமானால், நிரம்பியவற்றை ஒன்றாகக் கலந்து வேறொரு நாடாவின் ஓரிரு தடங்களில் ஏற்றிவிட்டு, மீதித் தடங்களில் மேலும் வாசிப்பார்கள். ஒருமுறை கலந்ததை அக்காலத்தில் பிரிக்க இயலாது. ஆயினும் கலப்பதற்கு முந்திய நாடாக்களை எறிந்துவிடாமல் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அவற்றைக் கணினியில் ஏற்றியபோது ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தெளிவாகக் கைக்கு வந்தன. பாதுகாத்தவன் புண்ணியத்தினால் பிற்காலத்தவன் பிழைத்தான்.

'தெய்வச் சிலையைப் பின்னப்படுத்துவது போன்றது இது' என்று கூறுவோர் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்தியை மதிக்கிறோம். வாதத்தை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏனெனில் மூலம் என்று அவர்கள் வணங்குவதே வெட்டி ஒட்டியதுதான். 1966-ன் இறுதியில் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்' பாட்டை இரு வேறு விதமாகப் பதிந்தார்கள். இரண்டின் வேகமும் வேறு, ஸ்தாயியும் வேறு. ஒன்றின் முற்பகுதியையும் மற்றொன்றின் பிற்பகுதியையும் சேர்த்துத் தருமாறு லென்னன் கேட்டார். மார்ட்டினும் எஞ்சினீயர் ஜெஃப் எமெரிக்கும் நாடாவின் ஓட்டத்தை மாற்றிச் சுருதியை இணக்கி, கத்தரித்து ஒட்டினார்கள். அந்த ஒட்டே 1967 பெப்ருவரியில் மூலமென்று வெளியாயிற்று. அன்று ஒட்டிய கையே 2006-லும் ஒட்டியது. ஆகையால் ஒட்டுவது குற்றமன்று. யார், எவருடைய சம்மதத்தின்மேல், எதை மறைத்து ஒட்டுகிறார் என்பதிலேதான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன.

சம்மதமின்றிக் கை வைத்தால் நேர்வது என்ன என்பதற்கும் அதே கோஷ்டியின் சரித்திரத்தில் சாட்சியம் உண்டு. 1970-ல் 'லெட் இட் பீ' ஆல்பத்தின் நாடாக்கள் ஃபில் ஸ்பெக்டர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரிடம் சென்றன. மக்கார்ட்னியின் 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' பாட்டின்மீது அவர் பெரிய வாத்திய கோஷ்டியையும் பெண்கள் பாடும் கோரஸையும் ஏற்றினார். ஆக்கியோன் உயிரோடிருந்தும் அவருடைய அனுமதி பெறப்படவில்லை. கூட்டைக் கலைக்க லண்டன் ஹைகோர்ட்டில் தொடுத்த வழக்கில் மக்கார்ட்னி எடுத்துக்காட்டிய குறைகளுள் இதுவும் ஒன்று. 2003-ல் அந்த ஆபரணங்களை நீக்கிய வேறொரு பதிப்பு வெளியாயிற்று. தன் குரல் தானறியாமல் வேஷமிடப்பட்டதைப் பொறுக்கமாட்டாத மனிதனின் மானம் முப்பது வருஷங்களுக்குப் பின்னும் ஆறவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

இனி, சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்று பார்ப்போம். 2004-ல் டேஞ்சர் மௌஸ் என்ற புனைபெயர் கொண்ட அமெரிக்க இளைஞர், ஜே-ஸீ என்ற நீக்ரோப் பாடகரின் 'பிளாக் ஆல்பம்' குரலையும், 1968-ல் வந்த பீட்டில்ஸ் 'வெள்ளை ஆல்பத்தின்' இசைத் துண்டுகளையும் பின்னி 'கிரே ஆல்பம்' என ஒன்று செய்தார். பதிவுகளின் உடைமையாளரான ஈ.எம்.ஐ. கம்பெனி உடனே தடை நோட்டீஸ் அனுப்பிற்று. அதைக் கண்டித்து அவ்வருஷம் பெப்ருவரி 24-ந் தேதி பல இணையதளங்கள் அவ்வால்பத்தை இலவசமாக வழங்கின. இரண்டே வருஷங்களில் அதே பதிவுகளை அதே விதமாகப் பிரித்துக் கோத்த 'லவ்' ஆல்பம் உடைமையாளரின் முத்திரையோடு கடைக்கு வந்தது. 2008-ல் இரண்டு கிராமி பரிசுகளும் பெற்றது. முன்னது திருட்டு, பின்னது கலை! அனுமதியில்லாமல் பிறர் பொருளை எடுப்பதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால், 'கலையின் தூய்மையைக் காக்கிறோம்' என்ற வார்த்தை இதில் எடுபடாது. காக்கப்பட்டது சொத்து, தூய்மையன்று. அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது கௌரவம்.

'இவ்வளவும் ஆங்கிலேயர் பாட்டுக் கச்சேரி, நமக்கென்ன?' என்று தேசத் தொண்டர் சிலர் கேட்கக்கூடும். நமக்கும் உண்டு. 'லவ்' ஆல்பத்தில் பலரும் மெச்சும் பகுதி ஒன்று இருக்கிறது. 1967-ல் ஹாரிஸன் இயற்றிய 'விதின் யூ விதௌட் யூ' பாட்டையும், 1966-ல் பதிவான லென்னனின் 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டையும் அதில் ஒன்றாக்கியிருக்கிறார்கள். கேட்க அருமையாயிருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் ஹாரிஸனின் பாட்டில் மற்ற மூன்று பீட்டில்ஸும் வாசிக்கவில்லை. பண்டித ரவிசங்கரிடம் ஸிதார் கற்கத் தொடங்கியிருந்த ஹாரிஸன், லண்டனில் வசித்த இந்திய வாத்தியக்காரர்களை அழைத்துவந்து தில்ரூபா, தபலா, தம்பூரா முதலியவற்றோடு அதைப் பதிந்தார். எட்டு வயலினும் மூன்று செலோவும் பின்னர்ச் சேர்ந்தன. இந்த இந்தியர் எவருடைய பெயரும் 1967-ம் வருஷத்து ஆல்பத்தின் உறையில் அச்சாகவில்லை. அதற்கு முந்திய வருஷம் 'ரிவால்வர்' ஆல்பத்தில் தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயரை அச்சிட்டிருந்தார்கள். எனவே பெயரிடும் வழக்கம் தெரியாமலில்லை.

2006-ல் அந்த வாத்தியங்களின் தாள அடித்தளத்தை மாற்றி, ரிங்கோவின் பேரிகையை அங்கே அமர்த்தினார்கள். சம்மதம் தந்தவர்களாக அறிவிக்கப்பட்டவர்கள் மக்கார்ட்னி, ஸ்டார், லென்னனின் மனைவி யோகோ ஓனோ, ஹாரிஸனின் மனைவி ஒலிவியா ஆகிய நால்வர். அது முறையே, குறை கூறவில்லை. ஆனால் வில்லைப் பிடித்தவனுக்கும் தோலைத் தட்டியவனுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. ஒரு நாள் கூலி வாங்கிக்கொண்டு சென்றவன் தன் கைவேலை மீது எந்தச் சொல்லும் இல்லாதவன் ஆகிறான். இது இந்தியன் என்பதற்காக மட்டும் நாம் கூறும் குறையன்று. பெயரின்றி வயலின் வாசித்த ஆங்கிலேயனுக்கும் இதே கதிதான்.

நம் நாட்டுச் சட்டம் இவ்விஷயத்தில் வெட்கப்பட வேண்டியதில்லை. 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்பும் ஆக்கியோனுக்குத் தன் பெயரைக் கோரவும், தன் கீர்த்திக்குப் பங்கம் நேரும்படி கிருதியைச் சிதைப்பதைத் தடுக்கவும் அதிகாரம் அளிக்கிறது. சிற்பி அமர்நாத் ஸேகல் விஞ்ஞான் பவனத்துக்கென ஆக்கிய சுவர்ச் சிற்பத்தைச் சர்க்காரே பெயர்த்துச் சிதைத்ததற்காக, 2005-ல் டில்லி ஹைகோர்ட், சிற்பத்தின் மிச்சத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கவும் சர்க்காருக்கு உத்தரவிட்டது. 2012-ம் வருஷத்துத் திருத்தம் பாடுவோர், வாசிப்போர் முதலானோருக்கும் இவ்வகை உரிமையை நீட்டிற்று. பிரிட்டனிலும் 2006 பெப்ருவரி முதல் வாசிப்போருக்கு இவ்வுரிமை உண்டு. ஆனால் அதற்கு முன் வாசித்தவர்களுக்கு இல்லை. ஆகவே, 1967-ல் தில்ரூபா வாசித்தவன் சட்டத்தின் வாசலில் நிற்கிறான். உள்ளே வர இயலாது.

இப்போது இது அவசர விஷயமும் ஆகிவிட்டது. முன்னாளில் பிரிக்க இயலாதபடி கலந்துபோன ஒலியையும் இயந்திர அறிவு பிரித்துவிடுகிறது. லென்னன் 1970-களின் பிற்பகுதியில் தம் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே பாடிய காஸெட் ஒன்றிலிருந்து குரலை மட்டும் இவ்விதம் பிரித்தெடுத்து, 'நௌ அண்ட் தென்' என்ற பாட்டை 2023 நவம்பரில் வெளியிட்டார்கள். பழைய நாடா இருந்தால்தான் முடியும் என்ற தடை தகர்ந்தது. மார்ட்டினைப் போல் பயபக்தியுடன் தொடும் கைகள் சிலவே. லாபத்துக்காகத் தொடப்போகும் கைகளுக்குக் கணக்கில்லை. இறந்துபோன ஒவ்வொரு பாடகனின் குரலும் இனி உடைமையாளனின் மூலப்பொருள்.

எனவே, மாற்றிக் கோப்பதைத் தடை செய்ய வேண்டுமென்று நாம் கோரவில்லை. மூன்று நிபந்தனைகளைக் கோருகிறோம். முதலாவது, மூலப் பதிவு என்றும் விற்பனையில் இருக்க வேண்டும். புதியது வந்ததென்று பழையதை ஒளிக்கலாகாது. 'லவ்' ஆல்பம் இந்த நிபந்தனையை நிறைவேற்றியது. பழைய பதிவுகள் அனைத்தும் இன்றும் கிடைக்கின்றன. இரண்டாவது, எதை எங்கிருந்து எடுத்தோம், யார் மாற்றினோம் என்பதை உறையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லிச் செய்தால் பதிப்பு; சொல்லாமல் செய்தால் இடைச்செருகல். மூன்றாவது, வாசித்தோர் ஒவ்வொருவர் பெயரும் தேடிக் கண்டு அச்சிடப்படவேண்டும். புதிய வருமானத்தில் அவர்களுக்கோ அவர்கள் வாரிசுகளுக்கோ ஒரு பங்கு சேரவேண்டும். முன் தேதியிட்ட வாசிப்புகளுக்குச் சட்டம் பொருந்தாது என்ற சாக்கு, கம்பெனிகள் மனமுவந்து கொடுப்பதைத் தடுக்காது.

இந்த மூன்றில் கடைசியே கடினமானது. நாடாவின் ஒவ்வொரு அங்குலத்தையும் ஐம்பது வருஷங்களாகப் பத்திரமாய் வைத்திருந்தவர்களுக்கு, அதில் வாசித்தவர்களின் பெயரை வைத்திருக்க முடியாமற் போனது ஏன்? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் உடைமையாளர்கள். அதைக் கேட்கும் உரிமை, பணம் கொடுத்து அந்தப் பாட்டை வாங்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.