சீட்டு வாங்காதவனுக்கும் ஓர் அரங்கம்

நீர்க்கரையில் ஒரு புதிய இசையரங்கம் எழுகிறது என்றதும், "எத்தனை இருக்கைகள்? ஒலி எப்படி?" என்றே எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியவைதாம். ஆயினும் அவற்றுக்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு என்பது என் துணிபு. சீட்டு வாங்க வழியில்லாதவனுக்கு அங்கே என்ன இருக்கிறது?

நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில், பழைய துறைமுகப் பகுதியில், 2008-ஆம் ஆண்டு ஆப்பரா அரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. ஸ்னோஹெட்டா என்னும் கட்டடக் கலை நிறுவனத்தார் வடிவமைத்தது. படங்களில்தான் பார்த்திருக்கிறேன், அதுவே வியப்பைத் தந்தது. அதன் கூரை சரிந்து சரிந்து கீழிறங்கிக் கடல்நீரைத் தொடுகிறது. வெண்ணிறச் சலவைக்கல் பாவிய அந்தச் சரிவில் யார் வேண்டுமானாலும் ஏறி உச்சிவரை நடக்கலாம். சீட்டு வேண்டாம், "எங்கே போகிறாய்?" என்ற கேள்வியும் இல்லை. உள்ளே 1,300-க்கு மேற்பட்டோர் இசையில் திளைத்திருக்க, அவர்கள் தலைக்கு மேலே ஊரே உலாவுகிறது! பகலில் முன்கூடமும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அரங்க வாயிலில் காவலாளியின் ஒரு பார்வைக்கே பின்வாங்கிப் பழகிய நம்மில் பலருக்கு இது கதை போலத் தோன்றும்.

பயிரிடாத திறந்த வெளியில், அது பிறர் நிலமேயானாலும், எவரும் நடக்கலாம் என்பது அந்நாட்டின் பழைய வழக்கம். 1957-இல் அது சட்டமாகவும் ஆயிற்று. அந்த உரிமையையே கூரைமேல் ஏற்றிவிட்டார்கள் எனலாம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், எல்ப் நதிக்கரையில், 2017-இல் திறக்கப்பட்ட இசையரங்கமும் புகழ்பெற்றதே. கொக்கோவும் தேயிலையும் புகையிலையும் அடுக்கியிருந்த பழைய செங்கற் கிடங்கின்மேல் கண்ணாடி மாளிகையாய் நிற்கிறது. பொதுப்பணத்தில் 7.7 கோடி யூரோ போதும் என்று தொடங்கியவர்கள் 78.9 கோடியில் போய் நின்றார்கள். அங்கும் 37 மீட்டர் உயரத்தில் பொதுமக்களுக்கென ஒரு முற்றம் உண்டு. சுற்றி வந்தால் துறைமுகம் முழுவதும் தெரியும். ஆனால் அனுமதிச் சீட்டைக் காட்டித்தான் அதில் ஏற வேண்டும். பணம் கொடுத்த ஊரார் தம் முற்றத்துக்கே சீட்டோடு வரவேண்டுமா? எனக்கு ஒப்பவில்லை.

"கூட்டம் ஏறினால் இசைக்கு இடையூறு, ஈரக் கல்லில் வழுக்கி விழுவார்கள்" என்று தடை சொல்வார் உண்டு. ஓசையைத் தடுக்கப் பொறியியல் இருக்கிறது; வழுக்கும் என்பதற்காகக் குளத்துப் படித்துறையை யாரும் பூட்டி வைப்பதில்லை. மெய்யான குறை வேறு. சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஆஸ்லோவின் சரிவு எளிதன்று. எல்லோருக்கும் என்று சொல்லிவிட்டு அவர்களை விட்டுவிடுவது எப்படி முறையாகும்?

ஆகவே, நண்பர்களே, நீர்க்கரை அரங்கின் வரைபடம் ஒன்றை என்னிடம் நீட்டினால், சாய்தளம் எங்கே, நிழல் எங்கே, குடிநீரும் கழிப்பறையும் எங்கே என்றுதான் முதலில் தேடுவேன். மேடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.