புட்டி வைத்தியம்

பழைய மோட்டார் காரை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு நம் நாட்டில் வைத்தியம் சொல்லாதவர் கிடையாது. கார் திணறுகிறது என்று வாயைத் திறந்தால் போதும். ஆளுக்கொரு புட்டியின் பெயரைச் சொல்வார்கள். ஒன்று எஞ்சினுக்குப் பலம் தருமாம். ஒன்று பெட்ரோலிலுள்ள தண்ணீரைக் குடித்துவிடுமாம். இன்னொன்று எதனாலின் கெடுதலையே முறித்துவிடுமாம். தேனியிலிருந்து கூடலூர் வரைக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் பழைய அம்பாஸடரோ, பத்மினியோ, சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ வைத்திருப்பவர்கள் இந்தப் புட்டிகளை லேகியம் வாங்குவது போல வாங்கி டாங்க்கில் ஊற்றுகிறார்கள். இது வீண் செலவு என்று சொல்வதோடு நான் நிற்கப் போவதில்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காக நாம் கட்டிக்கொண்டிருக்கும் அபராதம் இது என்பது என் கட்சி.

முதலில், ஈயத்துக்காக இன்னும் அழுகிறவர்களைக் கவனிப்போம். 'அந்தக் காலத்துப் பெட்ரோல்' என்று இவர்கள் பெருமூச்சு விடுவது ஈயம் கலந்த பெட்ரோலை நினைத்துத்தான். 1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், எஞ்சினில் 'நாக்கிங்' அடிப்பதை ஈயக் கூட்டுப்பொருள் நிறுத்தும் என்று கண்டுபிடித்தார். சாராயம் கலந்தாலும் அது நிற்கும் என்பது அவருக்கே தெரியும். ஆனால் சாராயத்துக்குக் காப்புரிமை வாங்க முடியாது, ஈயத்துக்கு வாங்கலாம். 1924-இல் நியூஜெர்ஸித் தொழிற்சாலையில் அதைத் தயாரித்த தொழிலாளிகள் புத்தி பேதலித்துச் செத்தார்கள். அப்படியும் முக்கால் நூற்றாண்டு உலகம் அந்த விஷத்தைச் சுவாசித்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது முற்றிலும் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021-இல் நின்றது. குழந்தைகளின் மூளையைக் கெடுத்த ஒரு சரக்கு என் காரின் வால்வுக்கு நல்லது என்று வருந்துவது மனிதத்தனம் அல்ல.

வால்வுக்கு நல்லது என்பதில் உண்மை இல்லாமலில்லை. மிருதுவான வார்ப்பிரும்பில் அமைந்த வால்வு சீட்டின் மேல் ஈயம் ஒரு மெல்லிய படிவாக நின்று தேய்மானத்தைத் தடுத்தது. அதற்குப் பரிகாரம், அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது கடினமான எஃகு வளையம் வைத்துவிடுவது. லேத் பட்டறையில் ஒரு முறை முடிகிற காரியம். அதைச் செய்யாமல் மாதா மாதம் புட்டி வாங்குகிறவன், கூரையைப் பிரித்து மேயாமல் ஒழுகுமிடத்தில் சட்டி வைத்துக்கொண்டிருக்கிறவன்.

அடுத்தது ஆக்டேன் புட்டி. வேடிக்கை இங்கேதான் இருக்கிறது. பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் ஏழு, எட்டு என்ற அளவுதான். அவற்றுக்கு உயர்ந்த ஆக்டேன் தேவையே இல்லை. இப்போது பங்க்கில் விற்கும் 20 சதவீத எதனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் 95 என்று சர்க்காரே சொல்லுகிறது, முன்பு 91. ஆக்டேனை ஏற்றியதே எதனால்தான். அதைக் கண்டு பயந்தவர் ஓடிப்போய் ஆக்டேன் புட்டி வாங்குகிறார்! அதில் மாங்கனீஸ் இருந்தால் ஸ்பார்க் பிளக்கில் செம்மண் பூசினாற்போல் படியும்; மிச்சம் அதுதான். தண்ணீரைப் போக்கும் புட்டிகளோ இன்னும் அழகு. அவற்றில் பல, ஒருவகைச் சாராயத்தையே அடைத்தவை. சாராயத்தால் வந்த வினைக்குச் சாராயமே மருந்து!

அப்படியானால் எதனாலால் கெடுதலே இல்லையா? இருக்கிறது. அதை ரசாயனமாகப் புரிந்துகொள்ள வேண்டும், பேயாக அல்ல. ஒரு பங்கு பெட்ரோல் எரிவதற்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எதனாலுக்கு 9 பங்கு போதும். பழைய கார்ப்பரேட்டரின் ஜெட்டுக்கு இந்த மாற்றம் தெரியாது. அது பழைய கணக்கிலேயே விடுகிறது, கலவை மெலிந்துபோகிறது, எஞ்சின் சூடேறுகிறது. போடி மெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடுவது இதனோடு சேர்ந்த சங்கதி. எதனால் பழைய ரப்பர் ஹோஸை ஊதவைக்கும். கார்க் அடைப்பை இளக்கும். டாங்க்கில் பல வருஷமாகப் படிந்த துருவையும் பிசினையும் கரைத்து ஃபில்டரில் கொண்டு நிறுத்தும். காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் வண்டி நின்றால் தண்ணீரும் எதனாலும் சேர்ந்து டாங்க்கின் அடியில் தனியே பிரிந்துவிடும். பிரிந்ததை எந்தப் புட்டியும் மறுபடி சேர்க்காது.

இவற்றுக்கு மருந்து இல்லையா என்றால், மெக்கானிக்கின் கையில் இருக்கிறது. எதனாலைத் தாங்கும் ஹோஸும் டயாபிரமும் போடுவது, மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்குவது, டைமிங்கைச் சரிபார்ப்பது, பெட்ரோல் குழாயைச் சூட்டிலிருந்து விலக்கி வைப்பது, வண்டியை வாரம் ஒரு தரமாவது ஓட்டுவது, நெடுநாள் நிறுத்துவதானால் டாங்க்கை வடித்துவிடுவது. புட்டிகளில் உபயோகமானது ஒன்றே ஒன்று உண்டு: உலோகம் அரிக்காமல் காக்கும் சேர்மானம். அதையும் பிரிட்டனில் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு சோதித்து, தேறியவற்றுக்குத்தான் சான்று கொடுத்தது. நம் கடைகளில் லேபிளே சான்று.

இனிக் கேட்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். 2003-இல் நம் பெட்ரோலில் 5 சதவீத எதனால் கலக்க ஆரம்பித்தார்கள். 2022-இல் அது 10 ஆயிற்று, 2025-இல் 20. அந்நியச் செலாவணி மிச்சம், கரும்பு விவசாயிக்கு வரும்படி என்கிறார்கள். நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலவையைப் பாதுகாப்பு எரிபொருளாக வைத்திருக்க வேண்டும் என்றது. அந்தக் குழாய் எங்கே? பிரிட்டன் 2021-இல் 10 சதவீதத்துக்கு மாறியபோது, பழைய வண்டிகளுக்கென்று 5 சதவீதப் பெட்ரோலை நிறுத்தாமல் வைத்துக்கொண்டது. பிரேசிலைக் காட்டி வாதம் செய்பவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள்: அங்கே 1979-லேயே எதனாலுக்கென்று கார் செய்தார்கள், 2003-லிருந்து எந்தக் கலவையிலும் ஓடும் கார்களை விற்றார்கள். அங்கே எரிபொருளோடு எஞ்சினும் மாறிற்று. இங்கே எரிபொருள் மட்டும் மாறிற்று. கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனவரின் மனு 2025 செப்டம்பரில் தள்ளுபடியாயிற்று.

'பழைய வண்டியின் ரப்பர் பாகங்களை மாற்றினால் போதும், மலிவான காரியம்' என்று பெட்ரோலிய அமைச்சகம் பதில் சொல்லுகிறது. யாருக்கு மலிவு? அலங்காரத்துக்குக் கார் வைத்திருப்பவருக்கு மலிவு. திராட்சைக் கூடையையும் வாழைத்தாரையும் வைத்துக் கட்டிய பழைய மொபெட்டில் சுருளிப்பட்டியிலிருந்து கம்பத்துக்கு வருகிற சம்சாரிக்கு? அவருடைய வண்டியிலும் கார்ப்பரேட்டர்தான், அதே ஹோஸ்தான். பழைய இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் 3, 4 சதவீதம் குறையும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை கணக்கிட்டது. கார்களில் 6, 7. லிட்டர் விலையில் அந்த அளவு யாராவது குறைத்தார்களா? எதனாலின் வெப்பச் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. விற்கிறவனுக்கு மட்டும் தெரியாதா?

'20' என்று குழாயில் எழுதி ஒட்டியிருக்கிறதே என்பார்கள். வேறு குழாய் இல்லாத இடத்தில் அது வெறும் அறிவிப்பு. ஒரே ஒரு பண்டம் வைத்திருக்கும் ஹோட்டலில் பட்டியல் எதற்கு? எதனாலில்லாத 100 ஆக்டேன் பெட்ரோல் பெரிய நகரங்களில் கிடைக்கிறது. ஒன்றரை மடங்குக்குக் குறையாத விலையில். மதுரைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருப்பவன் அதற்காக எங்கே போவான்?

புட்டி வாங்கும் காசில் ஒரு ஹோஸ் வாங்குங்கள். மிச்ச நேரத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள்: சர்க்காருக்கு, உங்கள் தொகுதி உறுப்பினருக்கு, எண்ணெய்க் கம்பெனிக்கு. ஊருக்கு ஒரு பங்க்கிலாவது குறைந்த கலவைக்கு ஒரு குழாய் வேண்டும். கலவைக்கு ஏற்ற விலை வேண்டும். இந்த இரண்டும் எந்தப் புட்டியிலும் கிடைக்காது.