பெருசுக்கு என்ன தெரியும்?

"உனக்கு ஒண்ணும் தெரியாது நைனா... குடு இங்க!"

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் இன்று வீட்டுக்கு வீடு கேட்கும் வசனம் இது. அப்பாவின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கும் மகன் சொல்வது. அப்பாவிடமும் பதில் தயாராக இருக்கும். "போனை நோண்டிக்கினே இருப்பான். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கேளு, முழிப்பான்!"

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு எதிரில் நிற்பவரை முட்டாள் என்று முடிவு கட்டுகிறார்களே, அங்கேதான் தப்பு நடக்கிறது.

முதலில் இளைஞர்கள் விஷயம். ஒரு கருவியை இயக்கத் தெரிந்தாலே எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பது இந்தத் தலைமுறையின் வியாதி. படகுகளுக்கு ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் மீனவர்கள் என்ன செய்தார்கள்? கரையில் தெரியும் கோபுரம், புகைபோக்கி என்று இரண்டு அடையாளங்களை ஒன்றுக்கு நேராக ஒன்று வைத்தார்கள். இன்னொரு பக்கம் வேறு இரண்டை வைத்தார்கள். இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் வலை போட்டார்கள். மறுவாரமும் அதே இடத்துக்குத் திரும்பி வந்தார்கள். பள்ளியில் ஜியோமெட்ரி என்று சொல்லித் தருவதை இவர்கள் பள்ளிக்குப் போகாமலே செய்தார்கள். பேட்டரி தீர்ந்தாலும் இந்த அறிவு தீராது.

செல்போன் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்புகிறவர்கள் 2017 நவம்பர் 30-ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைச் சூறையாடிய நாள். பல நாள் தங்கலுக்காக ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. செல்போன் சிக்னல் கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான். அதற்கப்பால் அது வெறும் டார்ச் லைட்!

சரி, பெரியவர்கள் மட்டும் எல்லாம் தெரிந்தவர்களா? 2004 டிசம்பர் 26 காலையில், பிறந்ததிலிருந்து கடலோடு வாழ்ந்தவர்களுக்கும் அந்த அலை புரியவில்லை. 'சுனாமி' என்ற சொல்லே பெரும்பாலானவர்களுக்கு அன்றுதான் அறிமுகம். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, சென்னைக் கடற்கரையிலிருந்து மக்கள் வெளியேறினார்கள். பெரிய அலை வரவில்லை, அது வேறு விஷயம். ஆனால் வந்திருந்தால்? அன்று காப்பாற்றியிருக்கக் கூடியது பாட்டன் அனுபவம் அல்ல, கடலடியில் வைத்த கருவிதான். "எங்க காலத்துல..." என்று ஆரம்பிக்கும் பெரியவர்கள் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர்கள் மீது இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. "எனக்குத் தெரியும்" என்பார்கள், சொல்லித் தர மாட்டார்கள். "இந்தக் கஷ்டம் என்னோட போகட்டும்" என்று பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, பிறகு அவனுக்கே கடல் தெரியவில்லை என்று கேலி செய்வார்கள். இது என்ன நியாயம்?

இந்தச் சண்டை வீட்டுக்குள்ளேயே முடிந்தால் பரவாயில்லை. அதனால் ஊருக்கே நஷ்டம் என்பதற்கு எண்ணூர் சாட்சி. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருந்தது. பின்னர் அரசு தரப்பில் வைத்திருந்த இன்னொரு வரைபடத்தில் அதைக் காணோம்! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் 2017-ல் இது வெளியே வந்தது. கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில் முகத்துவாரக் குப்பம் என்று ஒரு ஊரே இருக்கிறது. ஊரின் பெயரிலேயே முகத்துவாரம். வரைபடத்தில் மட்டும் தண்ணீர் இல்லை.

அந்தக் கழிமுகத்தில் எந்த ஓடையில் எப்போது இறால் கிடைக்கும், அனல் மின் நிலையச் சாம்பல் சேர்வதற்கு முன் எங்கே எவ்வளவு ஆழம் இருந்தது என்பதெல்லாம் அங்குள்ள பெரியவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அலுவலகங்கள் மனப்பாடத்தை நம்பாது, காகிதத்தைத்தான் நம்பும். காகிதம் தயார் செய்யத் தெரிந்தவன் யார்? பெருசுக்கு ஒன்றும் தெரியாது என்று போனைப் பிடுங்குகிறானே, அந்த மகன்தான்!

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணூர் காட்டியிருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. எர்ணாவூர் கரையில் கறுப்பாக ஒதுங்கிய எண்ணெய் வேறு கதை சொன்னது. மீனவர்களும் இளைஞர்களும் வாளியில் அதை அள்ளிய படங்கள் நாடெங்கும் பரவின. பாதிப்பில்லை என்ற பேச்சு அதற்குப் பிறகு எடுபடவில்லை.

எந்தக் கடையிலும் வருடத்துக்கு ஒரு முறையாவது சரக்கு இருப்புக் கணக்கு எடுப்பார்கள். வடசென்னைக் கடற்கரையில் அறுபது, எழுபது வருட அனுபவச் சரக்கு கணக்கெடுக்கப்படாமலே கிடக்கிறது. ஒவ்வொரு பெரியவர் சாகும்போதும் ஒரு கிடங்கு காலியாகிறது. என்ன போனது என்றுகூட யாருக்கும் தெரிவதில்லை. ஓடைகளின் பெயர், ஆழம், மீன், காற்று, வருடம் என்று எல்லாவற்றையும் பதிவு செய்ய ஆராய்ச்சி நிதி தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் ஒரு செல்போனும் போதும்.

பெருசுக்கு என்ன தெரியும் என்று கேட்பது தப்பே இல்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போவதுதான் தப்பு. "குடு இங்க" என்று பிடுங்கிய அதே போனில் ரெக்கார்டிங்கை அழுத்தி, "இப்ப சொல்லு நைனா" என்று ஒரு மகன் உட்காரட்டும். அடுத்த முறை வரைபடத்தில் ஆறு காணாமல் போனால், எடுத்துக் காட்ட ஒரு ஆதாரமாவது இருக்கும்.