எந்த மலைக்குச் செல்வது?

உகாண்டா என்றதும் நம் நினைவுக்கு வருவோர் அந்நாட்டின் வேதசாட்சிகள் இருபத்திருவர். அதே நாட்டின் தென்மேற்கில், பிவிண்டி என்னும் அடர்ந்த காட்டில், மலைக் கொரில்லாக்கள் வாழ்கின்றன. உகாண்டா, ருவாண்டா, காங்கோ ஆகிய மூன்று நாடுகளின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இல்லை. 2019-இல் வெளியான கணக்கின்படி இவற்றின் மொத்த எண்ணிக்கை 1,063 மட்டுமே.

இவற்றைக் காண விரும்புவோர் எந்த நாட்டிற்குச் செல்வது? வசதி எங்கே, செலவு எங்கே குறைவு என்றே பலரும் கேட்கின்றனர். ருவாண்டாவில் பயணம் எளிது. ஆனால் அனுமதிச் சீட்டின் விலை 1,500 டாலர். உகாண்டாவில் 800 டாலர். ஆயினும் மலை செங்குத்தானது, பாதை நீண்டது. காங்கோவில் செலவு குறைவு. ஆனால் அங்குள்ள விருங்கா காட்டைக் காத்து நின்ற காவலர்களில் இருநூறு பேருக்கு மேல் உயிர் இழந்துள்ளனர். போர் ஓயாத இடத்திற்கு வேடிக்கை பார்க்கச் சென்று அவர்களுக்கு மேலும் சுமையாவது முறையன்று.

நாங்கள் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. இக்காட்டிற்காக எதையேனும் இழந்தவர் யார்? 1991-இல் பிவிண்டி தேசியப் பூங்காவானபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டனர். கொரில்லாவுக்குக் காடு கிடைத்தது. காட்டின் பிள்ளைகளுக்கோ நிலமும் இல்லை, பிழைப்பும் இல்லை. காட்டைக் காத்தது நன்றே. அதற்காக ஏழைகளைக் கைவிட்டது நன்றாகுமா?

ருவாண்டா தன் பூங்கா வருவாயில் பத்தில் ஒரு பங்கை அண்டைக் கிராமங்களுக்கு அளிப்பதைப் பாராட்டுகிறோம். எனினும் பிவிண்டிக்குச் செல்வதே சிறந்தது என்பது எங்கள் கருத்து. சீட்டின் விலையில் மிஞ்சும் 700 டாலரில் ஒரு பகுதியையாவது பட்வா மக்களுக்குச் செலவிடலாம். அவர்களையே வழிகாட்டிகளாகக் கொண்டு காட்டின் கதையைக் கேட்கலாம். அவர்கள் முடையும் கூடைகளை வாங்கலாம். அவர்களுக்காக ஒரு மரத்தடியில் தொடங்கி இன்று மருத்துவமனையாக வளர்ந்துள்ள சேவைக்கும் உதவலாம்.

ஒரு கூட்டத்தைக் காண நாளொன்றுக்கு எட்டுப் பேருக்கே அனுமதி. அதுவும் ஒரு மணி நேரம் மட்டுமே. மனிதரின் நோய் கொரில்லாவைத் தொற்றும் என்பதால் சளி, இருமல் உள்ளோர் செல்லக் கூடாது. பதினைந்து வயது நிறைந்திருக்கவும் வேண்டும்.

தோழியரே, அந்த வயது நமக்கு வந்துவிட்டது. பயணம் வாய்க்குமோ வாய்க்காதோ, நாம் அறியோம். ஆனால் எங்கு சென்றாலும், "நாம் வருவதால் அங்குள்ள எளியவருக்கு என்ன நன்மை?" என்று கேட்கும் வயதும் இதுவே அல்லவா?