படத்தில் பிள்ளை எங்கே?

வோபர்னில் இயங்கும் எமது வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களிடையே, “நாம் வாழும் நிலம்” என்னும் பொருளில் சிறிய ஒளிப்படப் போட்டியொன்றைச் சென்ற ஆண்டு நடத்தினோம். படங்களைச் சுவரில் ஒட்டி, பார்வையாளர் கருத்தெழுதுவதற்கென ஒவ்வொன்றின் கீழும் ஒரு தாளைத் தொங்கவிட்டோம். மாலையில் அத்தாள்களை வாசித்தபோது எனக்குச் சற்று மனவருத்தமே உண்டாயிற்று. “நன்று”, “மிக நன்று”, “வாழ்த்துகள்” என்பவற்றுக்கு அப்பால் எவரும் எதுவும் எழுதவில்லை. ஒன்றே ஒன்று விதிவிலக்கு. ஏரிக்கரையின் செங்குத்தான மண்மேடுகளைப் படமெடுத்திருந்த மாணவியின் தாளில், “காட்சி நல்லது. படத்தில் பிள்ளை எங்கே?” என்று பெற்றோர் ஒருவர் எழுதியிருந்தார்.

அக்கேள்வியை எள்ளி நகையாட நான் விரும்பவில்லை. ஊரிலே ஒரு படச்சுருளில் முப்பத்தாறு படங்களே எடுக்கலாம். ஆளில்லாத படத்துக்கு அவற்றில் ஒன்றைச் செலவிட எவர் துணிவார்? அதன் விளைவை இடம்பெயர்ந்த பின்னரே உணர்ந்தேன். திருமணப் படங்கள் சில என்னோடு வந்து சேர்ந்தன. நான் கற்பித்த பள்ளிக்குச் செல்லும் பனையோரத்து ஒழுங்கையின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஆதலால், ஆளில்லா நிலத்தை நின்று நோக்கிய ஒரு பிள்ளையை “மிக நன்று” என்று கூறி அனுப்பிவிடுவதும் ஒருவகைப் புறக்கணிப்பே என்பது என் கருத்து. படத்தை ஊன்றிப் பார்த்தவருக்கே அதன் குறை தெரியும்.

எங்ஙனம் குறை கூறுவது? நிலக்காட்சியைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழனுக்கு இரவல் அறிவு வேண்டியதில்லை. நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். அதன் பின்னரே கருப்பொருளும் உரிப்பொருளும் வருகின்றன. அம்மாணவியின் படத்தை இவ்வழியே பார்ப்போம். அம்மேடுகள் ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீண்டு, சில இடங்களில் 90 மீற்றர்வரை உயர்ந்து நிற்பவை. இங்கிலாந்தின் ஸ்காபரோக் குன்றுகளை அவை நினைவூட்டியமையால் 1793 இல் எலிசபெத் சிம்கோ அம்மையார் இட்ட பெயரே இப்பகுதிக்கு நிலைத்தது. அவற்றின் முகப்புத் தென்கிழக்கு நோக்கியது. மாணவி சென்றதோ பிற்பகல். வெயில் மேட்டுக்குப் பின்னே சாய்ந்துவிட, மண்ணின் மடிப்புகளெல்லாம் ஒரே நிறமாய் மங்கிக் கிடந்தன. நிலம் சரி, பொழுது பிழை. “காலையில் ஒருமுறை போய்ப் பாரும், பிள்ளை” என்றேன். முகம் வாடிற்று.

அவ்வாட்டம் நான் அறிந்ததே. இந்நாட்டுக்கு வந்த புதிதில், மோர்னிங்சைட் பூங்காவில் எடுத்த பனிக்காலப் படமொன்றை ஆர்வலர் போட்டியொன்றுக்கு அனுப்பினேன். “பனி சாம்பல் நிறமாக இருக்கிறது” என்று மட்டும் கூறி நடுவர் அடுத்த படத்துக்குச் சென்றுவிட்டார். பனியே காணாத நாட்டிலிருந்து வந்தவனுக்கு அதன் நிறம் எப்படித் தெரியும் என்று எண்ணினார் போலும் என மனம் புழுங்கினேன். போட்டியாளர் பெயர் நடுவருக்கு அறிவிக்கப்படுவதில்லை என்பது பின்னரே தெரிந்தது. கமராவின் ஒளிமானி தன் முன்னுள்ளதை நடுத்தர ஒளியுடையதாகவே கொள்ளும். வெண்பனியையும் அவ்வாறே கணித்துச் சாம்பலாக்கிவிடும். ஒளியை ஒன்று அல்லது இரண்டு படி கூட்டிக் கொடுத்தால் வெண்மை மீளும். நடுவர் கண்டதையே சொன்னார். (திருத்தும் வழியையும் ஒரு வரியிற் சொல்லியிருக்கலாம் என்ற குறை எனக்கு இன்றும் உண்டு.)

தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதை அதன் பாயிரம் கூறுகின்றது. நூலைக் கேட்டு ஆராய்ந்தவரின் பெயரை நூலின் வாயிலிலேயே பொறித்து வைத்த மரபு நம்முடையது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அன்சல் அடம்ஸ், நியூ மெக்சிக்கோச் சிற்றூர் ஒன்றின்மேல் நிலவெழும் காட்சியை 1941 இல் எடுத்துப் புகழ்பெற்றார். ஆயினும் அவருக்கு நிறைவு உண்டாகவில்லை. 1948 இல் அதன் எதிர்ப்படலத்தின் கீழ்ப்பகுதியை மீண்டும் இரசாயனக் கரைசலில் இட்டுச் செறிவூட்டினார். முந்திய பிரதிகளில் வெளிறியிருந்த வானம் பிந்திய பிரதிகளில் ஏறக்குறையக் கருமையாயிற்று. தம் பிள்ளையின் படத்தில் ஒரு குறை சொன்னவுடன் ஆசிரியரோடு வாதாட வரும் பெற்றோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நலம்.

இலையுதிர் காலத்தில், ஒரு சனிக்கிழமை விடியலில், அம்மாணவி தந்தையாரோடு மீண்டும் ஏரிக்கரைக்குச் சென்றாள். இம்முறை மண்மடிப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே துலங்கின. ஆனால், கதிரவன் பின்னால் நின்றமையால் அருகில் நின்ற தந்தையாரின் நெடிய நிழல் படத்தின் கீழ்மூலையில் விழுந்திருந்தது. நான் வாய் திறக்குமுன் அவளே அதைச் சுட்டிக்காட்டினாள்.

“அப்பாவின்ர நிழல் விழுந்திட்டுது, சேர். வெட்டிவிடட்டோ?”

எந்த நடுவரும் அதனைக் குறையென்றே சொல்வர். நானும் அவ்வாறே சொன்னேன். ஆனால் வெட்ட வேண்டாம் என்றேன்.